மிதவையும் மழைமானியும்

ஹற்றனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றின் காரியாலய முற்றத்தில் ஒரு மழைமானி உண்டு. பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுமுன், அதிலுள்ள நீரை அளந்து பதிவேட்டில் எழுதுவது அங்குள்ள கிளாக்கரின் முப்பதாண்டுப் பழக்கம். அடைமழையில் கொழுந்து நிறை குறைந்தால் பெண்களுக்கு அரைப்பேர் விழும். மண் ஊறினால் லயத்துக்கு மேலுள்ள மலையைப் பற்றிய அச்சம் எழும். ஆதலின் அவ்வெண்கள் அவருக்கு வெறும் எண்களாகத் தோன்றியதில்லை.

பேராதனையில் புவியியல் பயிலும் மகன் விடுமுறைக்கு வந்தபோது, "நாளைக்குப் பெய்யப்போற மழையச் சொல்ற மானி ஒண்ணு இல்லியாப்பா?" என்று அவர் வினவினார். மகன் கடலிலிருந்து விடையைத் தொடங்கினான்.

மலையகத்தை நனைக்கும் நீர் பெரும்பாலும் கடலிலிருந்து ஆவியாக எழுந்ததே. அவ்வாவி சுமந்துவரும் மறைவெப்பமே மேகத்துக்கும் சூறாவளிக்கும் வலுவூட்டுகிறது. கடல் எவ்வளவு வெப்பத்தை வளிக்கு அளிக்கிறதென அறிய, காற்றின் வேகம், ஈரப்பதன், வளியின் வெப்பம், நீரின் வெப்பம் ஆகியவற்றை ஒரே இடத்தில், ஒரே வேளையில் அளத்தல் வேண்டும். செய்மதி கடலின் மேற்பரப்பையே காணும். ஆழம் அதற்குப் புலப்படாது. வங்காள விரிகுடாவிலோ கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய ஆறுகளின் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகப் பரந்து, கீழ்நீருடன் கலவாது வெப்பத்தை மேலேயே தேக்கிவைக்கிறது. இதனை அறியக் கருவி கடலுக்குள் இறங்கவேண்டும்.

அதற்காகவே நங்கூரமிட்ட மிதவைகள் அமைந்தன. 1982–83இன் எல் நினோ உலகை முன்னறிவின்றித் தாக்கியபின், பசிபிக்கில் மிதவை வரிசையொன்று உருவாகி 1994இல் நிறைவெய்தியது. இந்து சமுத்திரத்தில் 2004இல் 'ராமா' வரிசை தொடங்கியது. சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் தன் மிதவைகளை இட்டுள்ளது. மிதவையின் மேலே காற்றுமானியும் மழைமானியும் இருக்கும். கீழே கம்பிவடத்தில் 500 மீற்றர் ஆழம்வரை வெப்பமானிகள் தொங்கும். அளவுகள் செய்மதி வழியே கரை சேரும். இத்தகைய மிதவைகள் பலவற்றுக்குப் பழைய புகையிரதச் சக்கரங்களே நங்கூரமாயின என்று கேட்டதும் கிளாக்கர் சிரித்தார்.

"அப்போ மலை சரியிறது முன்கூட்டியே தெரிஞ்சிருமா?" என்றார்.

மகன் உடனே விடை கூறவில்லை. மிதவையின் நிழலில் மீன்கள் கூடுவதால் படகுகள் அதில் கட்டப்பட்டுக் கருவிகள் சேதமுறுவதுண்டு. அது கடலில் நேரும் தடை. கரையிலுள்ள தடை அதனினும் பெரிது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணில் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, மக்கள் குடியேற வேறு நிலம் அளிக்கப்பட்டிருக்கவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளையும் மகன் எழுதிக் கொடுத்தான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பு, 100 கடந்தால் ஆயத்தம், 150 கடந்தால் வெளியேற்றம். கிளாக்கர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்திருந்தார். முப்பதாண்டாக அவர் எழுதிய எண்கள் காரியாலயத்தைவிட்டு வெளியே சென்றதேயில்லை.

மறுநாட் காலை மழைமானி 82 மில்லிமீற்றர் காட்டியது. பதிவேட்டில் எழுதியபின், அவ்வெண்ணை ஒரு துண்டில் மீண்டும் எழுதி, மேட்டு லயத்துக்குத் தாமே கொண்டு சென்றார்.