கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும்

அமெரிக்காவில் நான் வசிக்கும் ஹில்ஸ்பரோ, ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டை ஒட்டிய ஊர். இங்கே எந்தக் கடையிலும் விற்பனை வரி கிடையாது. கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே வாஷிங்டன் மாநிலம். அங்கே விற்பனை வரி உண்டு, சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. அதனால் அக்கரையில் குடியிருப்பவர்கள் டி.வி., சோபா வாங்க இக்கரைக்கு வருகிறார்கள். பாலம் இறங்கும் இடத்திலேயே பெரிய கடைகள் வரிசைகட்டி நிற்கின்றன. கும்மிடிப்பூண்டியில் வளர்ந்த எனக்கு இது பழகிய காட்சிதான்.

எங்கள் ஊருக்கு வடக்கே ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போயின. மொழி பார்த்து வகுத்த எல்லையே வரியின் எல்லையாகவும் ஆனது. 2017 ஜூலைக்கு முன்பு, மாநிலம் விட்டு மாநிலம் விற்ற சரக்குக்கு 2 சதவீதம் மத்திய விற்பனை வரி. வாங்கியவர் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அதைத் தவிர்க்கவே கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்தன. சோதனைச் சாவடியில் லாரிகள் பில்லோடு காத்துக் கிடந்தன. ஜி.எஸ்.டி. வந்தபின் குடோன் எங்கே என்பதைச் சாலையும் துறைமுகமும் முடிவுசெய்கின்றன.

ஆலைகளை இழுக்க மாநிலங்கள் நடத்தும் சலுகைப் போட்டி மட்டும் ஓயவில்லை. தடா அருகே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் 2008இல் தொடங்கியது. இசுசு, கோபெல்கோ, ஆல்ஸ்டம் எல்லாம் அங்கே ஆலை போட்டன. நிலமும் சலுகையும் ஆந்திரத்துடையவை. சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்கள் மூன்றும் தமிழ்நாட்டில். கொல்கத்தா நெடுஞ்சாலையும் கூடூர் ரயில் பாதையும் இரண்டு பக்கத்துக்கும் பொது. சலுகை ஓர் ஆலையைச் சில கிலோமீட்டர் இப்படி அப்படி நகர்த்தலாம். இந்த வட்டாரத்துக்கே அதை அழைத்து வந்தவை கடலும் சாலையும்தான். எப்படியும் வரவிருந்த ஆலைக்காக இரண்டு மாநிலங்களும் தங்கள் கஜானாவைத் திறந்து வைப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஏனென்றால் விலை கொடுப்பது ஊர். கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் டயர் ஆலைக்காக மிஷலின் நிறுவனத்தோடு அரசு 2009இல் ஒப்பந்தம் போட்டது. மாடு மேய்த்த காட்டு நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போவதை எதிர்த்து ஊர் மக்கள் போராடினார்கள். சலுகையைத் தீர்மானித்தது கோட்டை. கிராமத்தின் சொல்லுக்கு அங்கே எடை இல்லை.

ஹில்ஸ்பரோவில் இன்டெலும் சலுகை பெற்றதுதான். ஓரிகனின் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய முதலீட்டின் ஒரு பகுதிக்கு 15 ஆண்டுகள் சொத்து வரி விலக்கு உண்டு. ஆனால் மாவட்ட நிர்வாகம் முதலில் பொதுமக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். மிச்சமாகும் வரியில் 25 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, நிறுவனம் உள்ளூருக்கே சேவைக் கட்டணமாகச் செலுத்த வேண்டும். குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனாலும் ஊருக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

அந்த நாற்காலி எங்கள் பக்கத்துக்கும் வேண்டும். சலுகை ஒப்பந்தங்களைக் கிராம சபையில் தமிழில் வாசிக்க வேண்டும். விட்டுக்கொடுக்கும் வரியில் ஒரு பங்கு, குடிநீருக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்பவர்கள் கௌரவமாகத் தங்கும் வீடுகளுக்கும் போக வேண்டும். கடலையும் சாலையையும் எந்த மாநிலமும் சலுகை கொடுத்து வாங்கவில்லை. அவற்றால் வரும் லாபத்தில் பங்கு கேட்க, அவற்றின் ஓரத்தில் வாழ்பவர்களுக்கே முதல் உரிமை.