திரும்பும் வழி

ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்லும் நம் பிள்ளைகளுள் சிலர், நான்காம் படிவத்துக் கூடுதல் கணித நூலோடு மாலை வேளையில் என்னைத் தேடி வருவதுண்டு. அவர்களை முதலில் மிரட்டுவது நேர்மாறுச் சார்பு. எக்ஸையும் ஒய்யையும் இடம் மாற்றி எழுதப் பழகியிருப்பர். எதற்கென்று வினவினால் விடை வாராது. விடையிலிருந்து புறப்பட்ட இடத்திற்குத் திரும்புவதே நேர்மாறு.

யான் தோட்டத்தில் வளர்ந்தவன். பால்மரம் வெட்டுவோர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. பெரட்டில் எண்ணைக் கூப்பிட்டால் ஆள் தெரியும். லயத்தை மட்டும் சொன்னால் ஆளைக் காண இயலுமோ? ஒரே லயத்தில் பலர் அன்றோ குடியிருந்தனர்! இதனைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் தெளியும்.

முக்கோணவியலில்தான் சிக்கல் முற்றுகிறது. 30 பாகைக்கும் 150 பாகைக்கும் சைன் மதிப்பு அரையே. 150ஐ இட்டு அரையைப் பெற்ற மாணவன், அரையை இட்டுத் திரும்பினால் கணிப்பான் 30 என்கிறது. கருவி பழுது என்கிறான்! பழுதன்று. −90 முதல் 90 வரை எல்லை கட்டினாலன்றிச் சைனுக்குத் திரும்பும் வழி ஒன்றாகாது. தேர்விலோ 0 முதல் 360 வரையுள்ள விடைகள் அனைத்தையும் கேட்பர். 30ஐ மட்டும் எழுதி மதிப்பெண் இழப்போர் பலர்.

சைனின் தலைமேல் ஏறியிருக்கும் −1 என்னும் குறி, ஜான் ஹெர்ஷல் 1813இல் புகுத்தியது. அதனை ‘ஒன்றின் கீழ் சைன்’ என்று படிக்கும் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. 2இன் மேல் −1 இட்டால் அரை என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தாமே? என்னைக் கேட்டால் ஆர்க்சைன் என்னும் பெயரே நன்று. கரும்பலகையில் அதனையே எழுதுகிறேன். தேர்வுத்தாளில் அவர்கள் விரும்பியதை எழுதிக்கொள்ளட்டும்.