கேட்டுக்குள் ஒரு ஊர்... ஓ.எம்.ஆர் அடுக்குமாடி வாழ்க்கையின் வரவும் செலவும்!

சென்னை மத்திய கைலாஷ் சந்திப்பிலிருந்து தெற்கே திரும்பினால் ஓ.எம்.ஆர். அரசு வைத்த பெயர் ராஜீவ் காந்தி சாலை. தரமணி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். சாலையோரம் கண்ணாடி பதித்த ஐ.டி கட்டடங்கள். அவற்றுக்குப் பின்னால், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் அளவுக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது 2000-ம் ஆண்டில். அப்போது இந்தச் சாலையின் தென்பகுதியில் வயல்களும் ஏரிகளும் சின்னச் சின்ன கிராமங்களும்தான் அதிகம். வேலை வந்தது; வேலைக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள்; ஆட்களுக்குப் பின்னால் வீடுகள் வந்தன. குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் மட்டும் அதே வேகத்தில் வரவில்லை. இங்குள்ள அடுக்குமாடி வாழ்க்கையின் சுகம், துக்கம் இரண்டுமே இந்த இடைவெளியில்தான் இருக்கின்றன.

மாலை ஆறு மணி

பெரிய குடியிருப்பு ஒன்றின் நல்ல முகத்தைப் பார்க்க வேண்டுமானால் மாலை ஆறு மணிக்குப் போக வேண்டும். வண்டி வாகன பயமின்றிக் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். தாத்தாக்கள் கட்டடத்தைச் சுற்றி நடப்பார்கள். பூங்கா பெஞ்சில் மூன்று மாநிலத்துப் பாட்டிகள், பாதி சைகையும் பாதி சிரிப்புமாகக் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். நவராத்திரிக்கு ஒரே மாலையில் பத்து வீட்டுச் சுண்டல் கிடைக்கும். ஓணம் வந்தால் பூக்கோலம், பொங்கல் வந்தால் பொதுப் பானை!

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். பள்ளி பஸ் கேட் வரை வரும். கரன்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும். குழாய் ஒழுகினால் ஆள் தேடி அலைய வேண்டாம். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால், ஆம்புலன்ஸ் வருவதற்குள் செக்யூரிட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுவார்கள். தனி வீட்டில் இந்த தைரியம் எளிதில் கிடைக்காது.

ஆனால், அதே பெற்றோர் முதல் சில மாதங்களில் படும் பாடு வேறு. திண்ணை கிடையாது, தெரு கிடையாது. கதவைச் சாத்தினால் யார் குரலும் கேட்காது. லிஃப்ட்டில் பார்ப்பவர்கள் புன்னகைத்துவிட்டு செல்போனுக்குள் போய்விடுவார்கள். பெஞ்சில் ஒரு துணை கிடைத்தால் ஒட்டிக்கொள்கிறார்கள். கிடைக்காதவர்கள் ஊருக்கு எப்போது பஸ் என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

மாதம் பிறந்தால் ஒரு பில்

இந்த வசதி எதுவும் இலவசம் இல்லை. பராமரிப்புக் கட்டணத்தைப் பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். சதுர அடிக்கு 4 ரூபாய் என்று வைத்தால்கூட, 1,200 சதுர அடி வீட்டுக்கு மாதம் 4,800 ரூபாய். வங்கிக் கடன் தவணை இதில் சேராது. கட்டணம் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் போய், சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 18 சதவிகித ஜி.எஸ்.டி வேறு.

அந்த 1,200 சதுர அடியும் வீட்டுக்குள் இருக்காது. லாபி, லிஃப்ட், மாடிப்படி ஆகியவற்றில் உங்கள் பங்கும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு. நீச்சல் குளத்தில் நீங்கள் கால் நனைக்காவிட்டாலும் அதைச் சுத்தம் செய்யும் செலவில் உங்கள் காசும் இருக்கும்.

தண்ணீர்... தண்ணீர்!

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பது நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களுக்கான மத்திய அரசின் அளவுகோல். 500 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 2,000 பேர். நாளொன்றுக்கு 2,70,000 லிட்டர். குழாய் நீரோ போர் நீரோ இல்லாவிட்டால், 12,000 லிட்டர் லாரிகள் தினமும் 22-க்கும் மேல் அந்த கேட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். ஓ.எம்.ஆரில் விடியற்காலையில் லாரிகள் விரைவதன் காரணம் இதுதான்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டபோது இந்தக் கணக்கு உடைந்தது. லாரிகளுக்கே தண்ணீர் கிடைக்கவில்லை. வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று சில ஐ.டி நிறுவனங்கள் ஊழியர்களிடம் சொல்லின. லட்சங்கள் கொட்டி வாங்கிய வீடுகளில் குழாய் இத்தனை மணிக்குத்தான் திறக்கும் என்று அறிவிப்புகள் ஒட்டப்பட்டன.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலில் சேர வேண்டும். 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்தச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதியைக் குப்பைமேடும் சாலைகளும் கட்டடங்களும் எப்போதோ விழுங்கிவிட்டன. வழி தெரியாத வெள்ளம் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கார் நிறுத்தும் தரைத்தளங்களைத் தேடி வந்தது. தண்ணீர் புகுந்தால் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அதோடு லிஃப்ட்டும் மோட்டாரும் நிற்கும். பத்தாவது மாடியில் இருப்பவரின் வீட்டுக்குள் வெள்ளம் வராதுதான். ஆனால், பால் பாக்கெட்டுக்கும் குடத்துத் தண்ணீருக்கும் அவர் பத்து மாடி இறங்கி ஏற வேண்டும்.

அதே சாலையில் இன்னொரு அடுக்குமாடி

காலை ஏழு மணிக்கு இந்தக் குடியிருப்புகளின் கேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வரும் பெண்கள் பலரின் வீடும் அடுக்குமாடிதான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகியவை நகருக்குள் ஆற்றோரங்களில் வாழ்ந்த மக்களை இடம்பெயர்த்துக் குடியமர்த்திய பகுதிகள். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களும் உண்டு. அங்கே லிஃப்ட் பழுதானால் வயதானவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டியதுதான். ஜெனரேட்டரும் மேனேஜரும் கிடையாது. மழைவெள்ளம் மட்டும் இரு பக்கமும் ஒன்றுதான். ஒரு வீட்டின் பாத்திரத்தைத் துலக்க வருபவரை, 'வேலைக்காரர்களுக்கான லிஃப்ட்டில் போங்கள்' என்று சொல்லும் பலகை சில குடியிருப்புகளில் இன்னும் தொங்குகிறது. நீச்சல் குளம் கட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பலகையைக் கழற்றுவது பெரிய வேலை அல்ல.

சங்கம்தான் சாமி

ஒரே பில்டர், ஒரே வரைபடம் என்றாலும் இரண்டு குடியிருப்புகள் பத்தாண்டுகளில் இரண்டு விதமாக மாறிவிடும். ஒன்றில் மழைநீர்க் குழிகளைத் தூர்வாரி, கழிவுநீரைச் சுத்திகரித்து ஃப்ளஷுக்கும் செடிகளுக்கும் பயன்படுத்துவார்கள். லாரிச் செலவு குறையும். மற்றொன்றில் சுத்திகரிப்பு இயந்திரம் துருப்பிடிக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை மட்டும் ஓடும். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-ம் ஆண்டிலேயே கட்டாயமாகிவிட்டது. குழி தோண்டுவது சட்டம். அதை ஆண்டுதோறும் சுத்தம் செய்வது மனிதர்கள். உங்களுக்கு உண்மையில் சொந்தமாவது நிலத்தில் ஒரு பிரிக்கப்படாத பங்கு. கட்டடம் பழசாகி இடித்துக் கட்ட நேர்ந்தால் அந்தப் பங்கும், கூட இருப்பவர்களின் சம்மதமும்தான் பேசும். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்க மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது 2022-ம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம்.

வாங்கும் முன் இருமுறை போங்கள்

மாதிரி வீட்டின் ஏ.சி அறையில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். மே மாத மதியம் ஒருமுறை போய், அன்றைக்கு எத்தனை லாரி வந்தது என்று செக்யூரிட்டியிடம் கேளுங்கள். நவம்பரில் நல்ல மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை போய், தரைத்தளத்துச் சுவரில் ஈரக்கோடு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைக் காட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள். பத்திரத்தில் உங்கள் நிலப் பங்கு எவ்வளவு என்பதையும் படித்துவிடுங்கள்.

இத்தனைக்கும் நல்ல பதில் கிடைத்தால் தயங்காமல் அட்வான்ஸ் கொடுக்கலாம். குடிவந்த பிறகு சங்கக் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் போய்விடுங்கள். மாடி எத்தனையாவதாக இருந்தாலும் தண்ணீர்த் தொட்டி எல்லோருக்கும் ஒன்றுதான்!