நாக்கைச் சுளுக்கவைக்கும் முதல் வணக்கம்

புனேயின் ஃபெர்கூசன் கல்லூரிச் சாலையில் இரண்டு வகைக் கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, வைஷாலி ஓட்டலில் தோசைக்கு இடம் பிடிக்கக் காத்திருப்பது. மற்றொன்று, அதே சாலையில் ரானடே இன்ஸ்டிடியூட்டின் பழைய கட்டடத்துக்குள் நோட்டுப் புத்தகத்துடன் நுழைவது. புனே பல்கலைக்கழகத்தின் அயல்மொழித் துறைக்கு நெடுங்காலமாக இதுதான் முகவரி. பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகளோடு ரஷ்ய மொழியும் இங்கே பகுதி நேரச் சான்றிதழ் வகுப்பாகக் கிடைக்கிறது.

ரஷ்யாவுக்கும் புனேக்கும் பழக்கம் அதிகம். சுகோய்-30 போர் விமானங்கள் 1997-ல் இந்திய விமானப்படையில் முதலில் சேர்ந்தது இங்குள்ள லோஹேகாவ் தளத்தில்தான். திரைப்படக் கல்லூரி மாணவர்களுக்கு ஐசன்ஸ்டைனும் தார்க்கோவ்ஸ்கியும் பாடம். இப்போது அவசரம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மருத்துவம் படிக்க ரஷ்யா போகும் மராட்டிய, தமிழக மாணவர்களுக்கு வகுப்பறையில் ஆங்கிலம் போதும். ஆனால் வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு ரஷ்ய மொழி மட்டுமே தெரியும். "க்த்யே பலீத்?" (எங்கே வலிக்கிறது?) என்று கேட்கத் தெரியாதவர் அங்கே வெறும் வேடிக்கை பார்ப்பவர்தான்.

முதல் தடை எழுத்து. மொத்தம் 33. பயப்படத் தேவையில்லை, ஒரு வாரப் பயிற்சியில் வசப்படும். ஏமாற்றுபவை தெரிந்த முகங்கள்தான். ஆங்கில 'பி' போல இருப்பது இங்கே 'ர'. 'எச்' போல இருப்பது 'ந'. 'சி' போல இருப்பது 'ஸ'. அடுத்தது அழுத்தம். எந்த அசையை அழுத்துவது என்பதற்கு எளிய விதி கிடையாது. 'ஸமொக்' என்ற சொல்லின் முதல் அசையை அழுத்தினால் கோட்டை, இரண்டாவதை அழுத்தினால் பூட்டு. அழுத்தம் இல்லாத 'ஒ' ஏறக்குறைய 'அ' ஆகிவிடும். எழுத்தில் 'மொலொகோ'வாக இருக்கும் பால், வாயில் 'மலகோ'. எனவே ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் படிக்கும் முன் காதால் கேட்பதே உத்தமம். 'ஸ்த்ராஸ்த்வூய்த்யே' என்ற முதல் வணக்கத்திலேயே பாதிப் பேருக்கு நாக்கு சுளுக்கிக்கொள்கிறது.

மராத்தி மாணவருக்கு ஒரு சலுகை உண்டு. ரஷ்ய மொழியைப் போலவே மராத்தியிலும் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால்கள். தமிழருக்கும் சலுகைகள் உண்டு. "நான் மாணவன்" என்பதில் வினைச்சொல் இல்லாததுபோல "யா ஸ்துத்யெந்த்" என்பதிலும் இல்லை. நீ, நீங்கள் என்பதற்கு 'தி', 'வி'. எட்டு வேற்றுமை கற்றவருக்கு ஆறு வேற்றுமை மலையல்ல. இனிஷியலில் தந்தையைச் சுமக்கும் தமிழருக்கு, இவானின் மகன் 'இவானோவிச்' ஆவதும் விசித்திரமல்ல. திணறவைப்பது 'போ' என்ற சொல்தான். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியில் போவதற்கு இன்னொன்று.

இலக்கணம் வகுப்பில் வந்துவிடும். பேச்சு வராது. புனே வீதிகளில் ரஷ்ய மொழி காதில் விழுவது அபூர்வம். இருவர் சேர்ந்து, தினமும் கால் மணி நேரம், கடைக்காரராகவும் வாடிக்கையாளராகவும் நடித்துப் பேசுவது பலன் தரும். விலை கேட்பது, வழி கேட்பது, வலி கேட்பது என்று முழு வாக்கியங்களை மனப்பாடம் செய்வது, தனிச் சொற்களை உருப்போடுவதைவிட மேல். மாஸ்கோவின் பூஷ்கின் நிறுவனம் இணையத்தில் பாடங்கள் நடத்துகிறது. ரஷ்ய அரசின் தேர்வில் ஆரம்ப நிலைக்குக் கேட்பது சுமார் 780 சொற்கள்தான். தினம் 5 சொல் என்றாலும் அரை வருடத்துக்குள் முடியும் கணக்கு.

புனே மாவட்டத்திலேயே இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு, எதிர்த்திசையில். 15-ஆம் நூற்றாண்டில் த்வேர் நகர வணிகர் அஃபனாசி நிகிதின், ஒரு குதிரையுடன் ஜுன்னருக்கு வந்து மழைக்காலத்தைக் கழித்தார். அங்கிருந்த கான் குதிரையைப் பறித்துக்கொண்டு, மதம் மாறினால்தான் தருவேன் என்றான். குராசானியர் ஒருவர் பரிந்து பேச, குதிரை திரும்பியது. நிகிதினின் குறிப்புகளில் ரஷ்ய மொழிக்கு நடுவே பாரசீக, துருக்கியச் சொற்கள் கலந்து கிடக்கின்றன. வகுப்பும் இல்லை, சான்றிதழும் இல்லை. சந்தையில் பேசியே பிடித்த மொழி. இலக்கணம் பார்த்துத் தயங்கியிருந்தால், குதிரையும் போயிருக்கும், கதையும் போயிருக்கும்.