கைக்கெட்டும் தூரத்தில் கடல்

நீருக்கடியில் படம் எடுக்கும் ஆசைக்கு நூற்று முப்பது வயது தாண்டிவிட்டது. 1893ஆம் ஆண்டில் பிரான்சின் தென்கரையில் உள்ள பான்யூல்ஸ் என்னும் கடலோர ஊரில், லூயி பூத்தான் என்ற உயிரியலாளர் நீர்புகாப் பெட்டி ஒன்றுக்குள் கமெராவை வைத்துக் கடலுக்குள் இறக்கினார். அவருடைய ஆரம்பப் படங்களில் ஒன்றுக்கு அரைமணி நேரம் வரை ஒளி படவேண்டியிருந்தது. 1926இல் புளோரிடாவை ஒட்டிய டிரை டோர்ட்டுகாஸ் தீவுகளில், வில்லியம் லாங்லியும் சார்ல்ஸ் மார்ட்டினும் நீருக்கடியில் வண்ணப்படம் எடுத்துக் காட்டினார்கள். வெளிச்சத்துக்காக அவர்கள் மிதவை ஒன்றின் மேல் மக்னீசியத் தூளை வெடிக்கவைக்க வேண்டியிருந்தது. கூஸ்தோவின் குழுவுக்காக உருவான கலிப்சோ என்னும் சிறிய கமெராவை நிக்கான் நிறுவனம் எடுத்துக்கொண்டு, 1963இல் நிக்கோனோஸ் என்ற பெயரில் வெளியிட்டது. அந்த வரிசை 2001 வரை வந்துகொண்டிருந்தது.

இத்தனையையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் போராடியது மூன்று விஷயங்களோடு: நீர் உள்ளே புகுவது, ஒளி குறைவது, தூரம். இவற்றில் முதலாவதை மட்டும்தான் காசு கொடுத்துத் தீர்க்க முடியும். அதுவும் இப்போது மலிவாகவே தீர்ந்துவிடுகிறது. மற்ற இரண்டும் பூத்தானுக்கு இருந்தபடியே நமக்கும் இருக்கின்றன.

ஸ்கார்பரோவில் வாழும் இளம் நண்பர் ஒருவர் விடுமுறையில் ஊருக்கு வருவதாகவும், நிலாவெளிக்குப் போய்ப் புறாத் தீவில் முதல் தடவையாக ஸ்நோர்க்கலிங் செய்யப்போவதாகவும் எழுதியிருந்தார். "அண்ணா, கமெராவுக்கு முந்நூறு டொலருக்கு மேல் ஒதுக்க முடியாது. எதை வாங்கலாம்?" என்பது அவருடைய கேள்வி. அவருக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

முதலில், முந்நூறு டொலரையும் கமெராவில் போடாதீர்கள் என்றேன். அவர் கண்ணாடி அணிபவர். கண்ணின் குறையைத் திருத்தும் வில்லை பொருத்திய முகக்கண்ணாடிகள் கடைகளில் கிடைக்கின்றன. பார்வை தெளியாதவருக்கு எந்தக் கமெராவும் உதவாது. முகக்கண்ணாடியைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை உண்டு. பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுக்கவேண்டும். கையை எடுத்த பின்னும் அது விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கு உரியது. நீர் கசியும் முகக்கண்ணாடியோடு தத்தளிப்பவர் கையில் இருக்கும் கமெரா எடுப்பதெல்லாம் குமிழிகளையும் தன் காலையும்தான்.

அடுத்தது ஒளி. நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடுகிறது. சில மீற்றர்களுக்குள்ளேயே சிவப்பு மங்கி, பிறகு செம்மஞ்சளும் மஞ்சளும் பின்வாங்கி, கடைசியில் நீலமும் பச்சையும் மட்டுமே எஞ்சுகின்றன. ஆழத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது என்பதைத்தான் புதிதாக நீரில் இறங்குபவர்கள் கவனிப்பதில்லை. நான்கு மீற்றர் கீழே இருக்கும் பவளத்தை மேற்பரப்பில் மிதந்தபடி எடுத்தால், ஒளி நான்கு மீற்றர் இறங்கி, மறுபடி நான்கு மீற்றர் ஏறி உங்கள் கமெராவுக்கு வருகிறது. அது மொத்தம் எட்டு மீற்றர் நீரைக் கடந்த ஒளி. ஒரு மீற்றர் ஆழத்தில் இருக்கும் பவளத்தை அரை மீற்றர் தள்ளி நின்று எடுத்தால் அதே ஒளி கடப்பது ஒன்றரை மீற்றர்தான். படத்தில் நிறம் வருவதும் வராததும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது. கருவியின் விலை இதில் தலையிடுவதில்லை. தூரத்திலிருந்து சூம் செய்வது இடையில் உள்ள நீரையும் அதில் மிதக்கும் துகள்களையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. கமெராவோடு வரும் சிறிய பிளாஷ், அந்தத் துகள்களை வெண்பனிபோல ஒளிரவைத்துப் படத்தைக் கெடுக்கும். அதை அணைத்துவிடலாம்.

நீர் இன்னொரு தந்திரமும் செய்கிறது. ஒளிவிலகலால் நீருக்குள் பொருள்கள் உண்மையான தூரத்தில் முக்கால் பங்கில் இருப்பதுபோலத் தோன்றும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வில்லைக்கும் பார்வைக் கோணம் சுருங்கிவிடும். நிலத்தில் அகலமாகக் காட்டும் கருவி நீரில் அவ்வளவு அகலமாகக் காட்டாது.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு கடையைப் பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன.

மிகவும் மலிவானது கைபேசிக்கான நீர்புகா உறை. கைபேசியே நீர் தாங்கும் என்று விளம்பரம் சொல்லலாம். ஆனால் அந்தச் சோதனைகள் அசையாத நன்னீரில் நடப்பவை. உப்புநீரால் வரும் பழுதை உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்காது. உறைக்குள் முதலில் மெல்லிய காகிதத்தை மட்டும் வைத்து, ஒரு வாளி நீரில் அமிழ்த்திப் பார்த்து, காகிதம் உலர்ந்திருந்தால் மட்டுமே கைபேசியை வைக்கவேண்டும். நீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது. ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தித்தான் படம் எடுக்கவேண்டும். வங்கிக் கணக்கும் பயணச்சீட்டும் தொலைபேசி எண்களும் அடங்கிய ஒரு பொருளைக் கடலுக்குள் கொண்டுபோகும் அச்சம் இதன் மறைமுக விலை.

இரண்டாவது, கையடக்கமான அக்சன் கமெரா. கோப்ரோவின் அண்மைய மாதிரிகளில் பல பத்து மீற்றர் வரை உறையின்றியே தாங்கும். அதைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான கமெராக்கள் பல, தனி உறையோடு வருகின்றன. அகன்ற வில்லை இருப்பதால் நீர் சுருக்கும் கோணத்தை இவை ஈடுகட்டும். ஆமை, மீன்கூட்டம், உடன் நீந்தும் நண்பர் ஆகியோருக்கு இதுவே பொருத்தம். ஆனால் முப்பது சென்ரிமீற்றருக்கும் கிட்டே உள்ள பொருள் பெரும்பாலும் தெளிவாக விழாது. சின்ன மீன்கள் புள்ளிகளாகிவிடும்.

மூன்றாவது, கொடாக் பிக்ஸ்புரோ டபிள்யூ.பி.இசட்.2 போன்ற சாதாரண நீர்புகாக் கமெரா. பதினைந்து மீற்றர் தாங்கும். படத்தின் தரம் நடுத்தரம்தான். ஆனால் பகல் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில், ஆழமற்ற நீரில், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பவருக்கு அது போதும்.

நான்காவது, 2023இல் வந்த ஒலிம்பஸ் வழித்தோன்றலான டி.ஜி.7. அதுவும் பதினைந்து மீற்றர் தாங்கும். பிரகாசமான வில்லை, விரலளவு உயிரையும் அருகிருந்து எடுக்கும் வசதி, நிறத்தைப் பின்னர் திருத்த உதவும் மூலக் கோப்பு எல்லாம் உண்டு. நண்பரின் ஒதுக்கீட்டுக்குள் அது அடங்காது.

அவருக்கு நான் பரிந்துரைத்தது இரண்டாவது வழியின் மலிவான வகை. மிச்சப் பணத்தில் நல்ல முகக்கண்ணாடியும், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு மிதக்கும் கைப்பட்டியும் வாங்கச் சொன்னேன். கையிலிருந்து நழுவும் கமெரா மூழ்காமல் மேலே வரவேண்டும். அதைவிட முக்கியம், வேண்டாதபோது அதை மணிக்கட்டில் தொங்கவிட்டுவிட்டு வெறுமனே பார்க்க முடியவேண்டும். சிவப்பு வடிகண்ணாடி வாங்கத் தேவையில்லை. அது இன்னும் ஆழத்தில் மூழ்குபவர்களுக்கு உரியது.

பராமரிப்பு இரண்டு வரி. உறையின் விளிம்பில் இருக்கும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ இருந்தால் போதும், நீர் உள்ளே வந்துவிடும். மூடுமுன் ஒவ்வொரு தடவையும் பார்க்கவேண்டும். கரைக்கு வந்ததும் மூடியபடியே நன்னீரில் சிறிது நேரம் ஊறவைத்து, துடைத்து, உலர்ந்த பிறகே திறக்கவேண்டும்.

இனித் தூரம். அருகே போவதுதான் நல்ல படத்துக்கு வழி என்றால், அருகே போவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆமை ஒன்றைப் படமெடுக்கும் அவசரத்தில் ஒருவர் பவளத்தின்மேல் இரண்டு கால்களையும் ஊன்றி நின்றதைப் பார்த்திருக்கிறேன். உருண்டையாக வளரும் பெரும் பவள வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவிலேயே வளர்கின்றன. ஒரு காலடியின் கீழ் நசுங்குவது ஒரு பிள்ளையின் வயதாக இருக்கலாம். புறாத் தீவு 2003இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு பாதங்களைத் தடுத்துவிடாது. அங்கே அருகே போவதற்குத் துடுப்புக்கால்களை ஓய்வாக வைத்து, மூச்சை நிதானமாக்கி, அசையாமல் மிதக்கக் கற்கவேண்டும். துரத்தினால் ஓடும் கிளிமீன், பேசாமல் மிதப்பவரின் பக்கம் மேய்ந்தபடியே வரும். இந்தப் பொறுமையைக் கடையில் வாங்க முடியாது. கற்றுக்கொண்டால் செலவும் இல்லை.

கடைசியாக நிறத்தைப் பற்றி ஒன்று. நீருக்குள் நம் மூளை நீலத்தைக் கழித்துக்கொண்டு பார்க்கிறது. கமெரா அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் வீடு திரும்பிப் படங்களைப் பார்க்கும்போது, "இது நான் பார்த்த கடல் இல்லையே" என்ற ஏமாற்றம் வருகிறது. இது வெறும் அழகியல் பிரச்சினை அல்ல. நீர் சூடேறும்போது பவளம் தன் திசுவுக்குள் வாழும் பாசியை இழந்து வெளிறிப்போகிறது. 1998, 2010, 2014 முதல் 2017 வரை என மூன்று தடவை உலகளவில் நடந்த இந்த வெளிறல், நான்காவது தடவையாகவும் நிகழ்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. நீலம் படிந்த ஒரு படத்தைப் பார்த்து அந்தப் பவளம் வெளிறியதா, வெளிச்சம் அப்படியா என்று யாராலும் சொல்ல முடியாது.

குயீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் 2002 முதல் ஒரு சிறிய நிற அட்டையை வைத்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. பவளத்தின் நிறத்தை அட்டையின் நிறங்களோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். தொடத் தேவையில்லை. அட்டையும் சட்டத்துக்குள் விழும்படி படமெடுத்தால், மலிவான கமெராவின் படத்திலும் நிறத்தைப் பின்னர் ஓரளவு நேர்செய்துகொள்ளலாம். அதே பவளத்தை அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் திகதியிட்டு எடுத்து வைத்தால் அது ஒரு சாட்சியமாகும். அதற்கு விலையுயர்ந்த வில்லை வேண்டாம். திரும்பி வருகிற ஒருவர் வேண்டும்.