14 சீட் வேனில் 21 பேர்... கென்யாவில் நெல்லிக்குப்பத்து அம்மா கற்றுக்கொண்ட ஒரு வார்த்தை!

கரும்பு சீசன் வந்துவிட்டால் நெல்லிக்குப்பம் முழுக்கப் பாகு வாசனைதான். 1842-ல் தொடங்கிய சர்க்கரை ஆலையோடு சேர்ந்து வளர்ந்த ஊர் அது. ஆலை வேலை கைவந்தவர்களுக்கு வெளிநாட்டிலும் கிராக்கி உண்டு. கென்யா, உகாண்டா என்று கிழக்கு ஆப்பிரிக்க சர்க்கரை ஆலைகளில் நம்மவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

அப்படிக் கென்யாவின் கிசுமு பக்கம் வேலைக்குப் போன மகனைப் பார்க்கக் கிளம்பினார் 58 வயது அம்மா ஒருவர். விமானப் பயணத்தை நினைத்துத்தான் பயந்தார். அது சுலபமாக முடிந்தது. நைரோபியில் இறங்கிய பிறகுதான் சோதனையே ஆரம்பித்தது.

நைரோபியிலிருந்து கிசுமு சுமார் 350 கிலோமீட்டர். அழைத்துப்போக வந்த மகன், ரிவர் ரோடு பக்கம் நின்ற 14 சீட் வேனில் ஏற்றினார். இந்த வேன்களுக்கு அங்கே 'மட்டாட்டு' என்று பெயர். சுவாஹிலியில் 'டாட்டு' என்றால் மூன்று. ஒரு காலத்தில் மூன்று பத்து சென்ட் காசு கொடுத்தால் போதும், ஏறிவிடலாம். அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்வார்கள்.

வேனுக்கு நேரம் காலம் கிடையாது. நிறைந்தால்தான் நகரும். மடியில் ஊறுகாய் பாட்டில், காலடியில் முறுக்கு டின், முட்டிக்கு நடுவே யாருடையதோ ஒரு மூட்டை. ஒன்றரை மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியது. நக்குரு வரை சமாளித்துவிட்டார். அதன் பிறகு கை காட்டியவர்களையெல்லாம் கண்டக்டர் ஏற்ற ஆரம்பித்தார். இரண்டு சீட்டுக்கு நடுவே ஒரு பலகையைப் போட்டு அதிலும் இருவரை உட்கார வைத்தார்.

"ஏன்டா தம்பி, இன்னுமா ஏத்துறான்?"

"பேசாம வாம்மா, இங்க இப்படித்தான்."

கெரிச்சோவின் தேயிலைத் தோட்டங்கள் ஜன்னலுக்கு வெளியே பச்சைப் பசேல் என்று ஓடின. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் இருந்தவரின் முதுகுதான். கால் மரத்துப்போனது. பக்கத்தில் இருந்த பெண், தூங்கிக்கொண்டிருந்த தன் குழந்தையை ஒரு வார்த்தையும் கேட்காமல் இவர் மடியில் சாய்த்தார். இவரும் ஊறுகாய் பாட்டிலை மகனிடம் கொடுத்துவிட்டுக் குழந்தையின் தலையைத் தாங்கிக்கொண்டார். குலதெய்வம் கோயிலுக்குப் போகும் வேனில் நம்மூரிலும் இதுதானே நடக்கும்!

மலை இறங்கி ஏரிப் பக்கத்துச் சமவெளியை நெருங்கும்போது கரும்பு வயல்கள் தெரிந்தன. ஊருக்கே வந்துவிட்டது போல அவர் முகம் மலர்ந்த நேரத்தில் வேன் மறுபடியும் நின்றது. உள்ளே ஏற்கெனவே 21 பேர். வெளியே இன்னும் மூன்று பேர். அப்போது குழந்தையின் தாய் குரலை உயர்த்தினார். "இனடோஷா!" பின் சீட்டிலிருந்து இன்னொரு குரல், பிறகு இன்னும் இரண்டு. கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே கதவைச் சாத்தினார். மூன்று பேரும் ரோட்டிலேயே நின்றார்கள்.

"என்னடா சொன்னா அந்தப் பொண்ணு?"

"போதும்னு அர்த்தம்மா."

கென்யாவில் இதற்குச் சட்டமே இல்லாமல் இல்லை. போக்குவரத்து அமைச்சராக இருந்த ஜான் மிச்சுகி கொண்டுவந்த விதிகள் 2004 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தன. எல்லா சீட்டுக்கும் பெல்ட், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போக விடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, சீட்டு எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றத் தடை. விதிகளுக்குத் தயாராகாத வேன்கள் ரோட்டுக்கு வராததால் அந்த நாள்களில் ஏராளமானோர் வேலைக்கு நடந்தே போனார்கள். 'மிச்சுகி விதிகள்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால், போலீஸ் நிற்காத இடத்தில் பலகை வெளியே வந்துவிடுகிறது.

கண்டக்டரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. வேன் ஓனருக்குத் தினமும் இவ்வளவு என்று கட்ட வேண்டும். டீசல் போக மிஞ்சுவதுதான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கூலி. கூடுதலாக ஏறும் ஒவ்வொருவரும் அவர்கள் வீட்டுச் சாப்பாடு.

அதற்காக ஆபத்து குறைந்துவிடாது. பாரம் கூடினால் பிரேக் பிடித்த பிறகும் வண்டி அதிக தூரம் ஓடித்தான் நிற்கும். வளைவில் சாய்வது எளிது. டயர் சூடாகும். கவிழ்ந்துவிட்டால், கதவை அடைத்து ஆள் உட்கார்ந்திருக்கும் வேனிலிருந்து வெளியே வருவது கஷ்டம்.

நம் சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஏ பிரிவுப்படி, கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு பயணிக்கும் 200 ரூபாய் அபராதம். அபராதம் கட்டிவிட்டு அப்படியே போய்விடவும் முடியாது. கூடுதல் ஆள்களை இறக்கி, அவர்களுக்கு மாற்று வண்டி ஏற்பாடு செய்த பிறகே அந்த வண்டி நகர வேண்டும். ஆனால், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வேன் பிடிக்கும்போது இதை யார் யோசிக்கிறோம்? 'புள்ளைங்கதானே, மடியில வச்சுக்கலாம்' என்பதுதான் நம் வீட்டுக் கணக்கு.

அந்த அம்மா ஊர் திரும்பிய இரண்டாவது மாதம், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கக் குடும்பமே கிளம்பியது. வாசலில் ஒரே ஒரு வேன். அவர் நின்று தலைகளை எண்ணினார். குழந்தைகளோடு சேர்த்து 23.

"எப்பவும் இதுலதான அண்ணி போவோம்? இன்னொரு வண்டின்னா வாடகை எவ்ளோ ஆவும் தெரியுமா?" என்றார் கொழுந்தனார்.

"வாடகையில பாதி நான் தர்றேன். இந்த வண்டிக்கு இவ்ளோ பேர் போதும்" என்றார் அவர்.

கொழுந்தனார் சலித்துக்கொண்டேதான் போனை எடுத்தார். அரை மணி நேரம் தாமதமாக, இரண்டு வேன்கள் கிளம்பின.