கணக்கில் வராத ஒரு மணி நேரம்

முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று எந்தப் பக்கம் போனாலும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். பத்தமடையில் கோரைப்பாய், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம். தாமிரபரணிக் கரைப் பெண்களுக்குப் பக்கத்தொழில் புதிதல்ல. சோறு பொங்கி, துணி துவைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மிஞ்சிய பொழுதில் செய்வதால் அது 'பக்க'த்தொழில் ஆனது. குடும்பமே அந்தக் கூலியில் ஓடும் வீடுகளிலும் அந்தப் பெயர் மாறுவதில்லை.

கணினித் துறையிலும் ஏறக்குறைய இதே பெயரில் ஒன்று உண்டு: சைடு புராஜெக்ட். சம்பளத்துக்குச் செய்யும் வேலை முடிந்த பிறகு ஒருவர் தன் ஆசைக்காக எழுதிப் பார்க்கும் நிரல். யாரும் கேட்டுச் செய்வதில்லை. கெடுவும் இல்லை, கூலியும் இல்லை. இந்தச் சொல்லை எனக்கு அறிமுகப்படுத்தியவள் என் முன்னாள் மாணவி ஒருத்தி. அவள் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. பெயரை மாற்றிப் போட்டால் எங்கள் கல்லூரியில் படித்த இன்னும் பத்துப் பெண்களுக்கு இது பொருந்தும்.

கணினி அறிவியல் படித்தவள். பகுதி ஒன்று தமிழுக்காக என் வகுப்பில் உட்கார்ந்தவள். யாப்பு நடத்தும்போது மற்றவர்கள் தூங்கிவழிய, இவள் மட்டும் நோட்டில் கட்டம் கட்டமாக எதையோ வரைந்துகொண்டிருப்பாள். மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர் என்று வெண்டளை விதியைக் கரும்பலகையில் எழுதியபோது, "மேம், இது அப்படியே இஃப் - எல்ஸ் மாதிரில்லா இருக்கு" என்றாள். இன்னது வந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய். நிரல் எழுதுகிறவர்கள் நாள் முழுக்கச் செய்வது அதைத்தானாம்.

அன்று வகுப்பில் 'அவலோகிதம்' பற்றிச் சொன்னேன். வினோத் ராஜன் உருவாக்கிய மென்பொருள் அது. ஒரு செய்யுளை உள்ளிட்டால் அசை, சீர், தளை பிரித்து இன்ன பா என்று சொல்லிவிடும். பெயர்க்காரணம் எங்கள் ஊருக்கு நெருக்கமானது. பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்கிறது. அந்த அகத்தியருக்கு இருப்பிடம் என்று மரபு சொல்லும் பொதிகையில்தான் தாமிரபரணி பிறக்கிறது. நாங்கள் குடிக்கும் தண்ணீர் வரும் மலையின் கதை ஒரு மென்பொருளின் பெயராக இருப்பது அவளுக்குப் பெரிய வியப்பு.

படிப்பு முடிந்து சென்னை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஊருக்குத் திரும்பியவள் வீட்டிலிருந்தே வேலையைத் தொடர்ந்தாள். அப்போது தொடங்கியவைதான் அவளது இரண்டு சைடு புராஜெக்டுகளும்.

முதலாவது பீடிக் கணக்கு. அவள் அம்மா முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறவர். கடையில் இலையையும் தூளையும் எடைபோட்டுத் தருவார்கள். இலை குறைந்தால் கைக்காசில் வாங்கி ஈடுகட்ட வேண்டும். சுற்றிக் கொடுத்த பீடியில் சரியில்லை என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் கடைக்காரர் நோட்டில் மட்டுமே இருக்கும். இவள் அதைப் பெண்கள் தங்கள் கைபேசியிலேயே தினமும் குறித்துக்கொள்ளச் சின்னதாக ஒரு செயலி எழுதினாள். தெருவில் ஏழெட்டுப் பேர் பயன்படுத்தினார்கள். மாதக் கடைசியில் கழிவு எவ்வளவு என்று கேள்வி கேட்கும் தைரியம் சிலருக்கு வந்தது. ஊரே பாராட்டியது. "படிச்ச பிள்ளன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார்கள்.

இரண்டாவது, ஒரு விளையாட்டு. ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ கொடுத்தால் அதன் வாய்பாட்டைச் சொல்லும் நிரல். பொருநை என்று தட்டினால் புளிமா என்று வரும். தாமிரபரணி என்றால் நேர், நிரை, நிரை, நேர் என்று பிரித்துக் கூவிளநறும்பூ என்று காட்டும். கூடவே, வெண்பாவில் நாலசைச்சீருக்கு இடமில்லை என்று ஓர் எச்சரிக்கையும் வரும். "நல்ல வேளை மேம், ஆத்துக்கு ரெண்டு பேர் இருக்கு. வெண்பா எழுதுறவங்க பொழச்சாங்க" என்று தொலைபேசியில் சிரித்தாள்.

குற்றியலுகரம் அவளை இரண்டு வாரம் படுத்தியது. 'வந்து', 'ஆடி' என்று தனித்தனியே கொடுத்தால் இரண்டு தேமா. சேர்த்து 'வந்தாடி' என்றால் உகரம் கெட்டு ஒரே தேமாங்காய். எங்கே சேர்ப்பது, எங்கே விடுவது என்று கணினிக்கு எப்படிச் சொல்வது? இதற்காக அவள் என்னிடம் கேட்ட கேள்விகள், முதுகலை வகுப்பில்கூட எனக்கு வராதவை. அவலோகிதம் இதையெல்லாம் ஏற்கெனவே செய்கிறதே என்றேன். "தெரியும் மேம். நானே செஞ்சு பாக்கணும்" என்றாள். கவிதை எழுதுகிறவளுக்கு அந்தப் பதிலை விளக்கத் தேவையில்லை.

இந்த இரண்டாவதை வீட்டில் யாரும் பாராட்டவில்லை.

அவளுடைய நாள் இப்படிப் போகும். காலை ஐந்தரைக்கு அடுக்களை. ஒன்பதரைக்கு அலுவலகக் கூட்டம். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பாத்திரம். அமெரிக்க வாடிக்கையாளர் விழிக்கும் நேரத்துக்காக இரவு ஒன்பது வரை அழைப்புகள். பிறகு தோசைக்கு மாவு. எல்லாம் முடிந்து பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைதான் அந்த விளையாட்டு. இருக்கும் ஒரே அறையில் தம்பி போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. இவள் நடுவீட்டில் உட்கார்ந்திருப்பதால், போகிற வருகிற எல்லோருக்கும் இவளிடம் சொல்ல ஒரு வேலை இருக்கும்.

"ஏட்டி, இதுல துட்டு ஏதும் வருமா?" என்று அம்மா ஒருநாள் கேட்டாராம். இல்லை என்றதும், "துட்டும் வராது, யாருக்கும் ஒத்தாசையும் இல்ல. பெறவு எதுக்குட்டி கண்ணக் கெடுக்க?" என்றாராம். அந்தக் கேள்வியைக் கொடுமை என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடமாக, தொலைக்காட்சி பார்க்கும்போதுகூட விரல்கள் இலையை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கேள்வி அது. வெறுமனே கழிந்த ஒரு பொழுதை அவர் தன் வாழ்நாளில் கண்டதே இல்லை.

பக்கத்தொழிலுக்கும் சைடு புராஜெக்டுக்கும் உள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது. முதலாவதில் பெண்ணின் மிஞ்சிய நேரம் குடும்பத்துக்குச் சொந்தம். இரண்டாவதில் அது அவளுக்கே சொந்தம். அவள் வேலைக்குப் போவதை நம் வீடுகள் இப்போது ஏற்றுக்கொண்டுவிட்டன. பிறருக்கு உதவுவதையும் மெச்சுகின்றன. தனக்காக, பயன் ஏதும் காட்டாமல், ஒரு மணி நேரம் அவள் உட்கார்ந்திருப்பதைத்தான் தாங்கமுடியவில்லை.

2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் பெண்களில் 81.2 விழுக்காட்டினரும் ஆண்களில் 26.1 விழுக்காட்டினரும் ஈடுபடுவதாகச் சொன்னது. அப்படி ஈடுபடுகிற பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்டது 299 நிமிடங்கள், ஆண் 97 நிமிடங்கள். 2024 கணக்கெடுப்பில் பெண்ணின் நேரம் 289 நிமிடங்கள். ஐந்து வருடத்தில் நமக்குக் கிடைத்தது பத்து நிமிடம். ஆணின் நேரமும் 88 நிமிடமாகக் குறைந்திருக்கிறது.

இன்று உலகம் ஓடும் நிரல்கள் பலவும் இப்படிப்பட்ட மிஞ்சிய நேரத்தில் பிறந்தவை. பைத்தான் மொழியை கைடோ வான் ராசம் தொடங்கியது 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில், பொழுதுபோக்காக. லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியபோது ஹெல்சிங்கியில் தாயின் வீட்டில் வாழ்ந்த 21 வயது மாணவர். பின்னாளில் தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்புக்கே 'வெறும் விளையாட்டுக்காக' என்றுதான் பொருள். இவர்களது திறமையில் எனக்கு ஐயமில்லை. நம் வீடுகளில் கிறிஸ்துமஸோ பொங்கலோ வந்தால் பெண்ணுக்கு வேலை இரட்டிப்பாகும் என்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

இது ஆசையோடு முடிகிற விஷயமும் இல்லை. வேலைக்கான நேர்காணல்களில், சொந்தமாக என்ன செய்திருக்கிறாய், கிட்ஹப் பக்கத்தைக் காட்டு என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நேரம் இல்லாதவள் அங்கே ஆர்வம் இல்லாதவளாகத் தெரிகிறாள். திறந்த மூல மென்பொருள் உலகில் இருப்போரிடம் 2017இல் கிட்ஹப் நடத்திய கருத்தெடுப்பில் பதிலளித்தவர்களில் 95 விழுக்காட்டினர் ஆண்கள். பெண்கள் 3 விழுக்காடுதான்.

அந்த மூன்று விழுக்காட்டுக்கு நிகரானவர்கள் தமிழிலும் இருக்கிறார்கள். நித்யா துரைசாமி 'எளிய தமிழில்' என்ற வரிசையில் கணினி நூல்கள் எழுதி, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி கணியம் வழியாக வெளியிட்டிருக்கிறார். என் மாணவி தரவுத்தளம் பற்றி முதலில் விளங்கிக்கொண்டது அவருடைய மைஎஸ்கியூஎல் நூலில்தான். ஒரு பெண் எடுத்துக்கொண்ட நேரம் இன்னொருத்தியிடம் இப்படி வந்து சேர்கிறது. ஆனாலும் இதைக் காட்டி அவள் நேரத்துக்கு நியாயம் கற்பிக்க எனக்கு மனமில்லை. நாளைக்கு அந்த யாப்பு விளையாட்டு யாருக்கும் பயன்படாமலே போகலாம். அப்போதும் அந்த ஒரு மணி நேரம் அவளுடையதாகவே இருக்க வேண்டும்.

சென்ற ஆவணியில் அவளுக்குச் சம்பந்தம் பேசினார்கள். வேலைக்குப் போவதில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தடையில்லை. சம்பளம் எவ்வளவு என்பதைத் தரகரிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்கள். "ராத்திரி அந்தப் பெட்டியத் தொறந்து வச்சிட்டு உக்காருதது மட்டும் வேண்டாம்" என்று மாப்பிள்ளையின் அத்தை சொல்லியிருக்கிறார். எப்படியோ அதுவும் அவர்கள் காதுக்குப் போயிருந்தது. பவுன் கணக்குப் பேசிக்கொண்டிருந்த கூடத்தில், அதுவரை வாயே திறக்காத அவள் அம்மா, "எம்பிள்ள ராத்திரி ஒரு மணி நேரம் அவ பாட்டுக்கு உக்காருவா. அத யாரும் எதுக்குன்னு கேக்கப்பிடாது. பவுனு விசயத்த நம்ம பெறவு பேசிக்கிடலாம்" என்றாராம். வந்தவர்கள் சிரித்தார்கள். பதில் சொல்லவில்லை. பேச்சு மண்டபத்துக்குப் போய்விட்டது. அம்மாவின் நிபந்தனை அந்த வீட்டில் எத்தனை நாள் நிற்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதைச் சொன்ன அதே அழைப்பில், ஆய்தத்தை எப்படி அலகிடுவது என்று கேட்டாள். பெரும்பாலும் ஒற்றாகக் கொள்ள வேண்டும், குறளிலேயே சில இடங்களில் குறில் போலவும் எண்ண வேண்டிவரும் என்றேன்.

"அப்ப அதுக்குத் தனியா ஒரு விதி எழுதணும் மேம்" என்றாள். மணி பதினொன்று தாண்டியிருந்தது.